டவுன்ஹால்தான் பாதிப் பாய்: 6.5 ஃப்ரீரைடு பாயோடு சில பருவங்கள்

6.5 சதுர மீட்டர், கேம்பர் (பாயின் வளைவை மரத்தோடு பிடித்து நிறுத்தும் துண்டு) இல்லாத, பொழுதுபோக்காக ஓட்டுவதற்கான (ஃப்ரீரைடு) விண்ட்சர்ஃபிங் பாய். சில பருவங்களாக இதைத்தான் அதிகம் ஓட்டுகிறேன். மோனோஃபிலிம் (பாயின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) அங்கங்கே மங்கிவிட்டது, தையல் இன்னும் உறுதி. தரத்தைப் பற்றி அவ்வளவு போதும். கட்டுகிற கை மாறினால் இதே பாய் வேறு பாயாகிவிடுகிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பாயில் அச்சிட்டிருப்பது லஃப் (மரத்தோடு சேரும் முன்விளிம்பு) 448, பூம் (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பு) 186, எல்லாம் செ.மீ.யில். என் பாய்மரம் 430, ஆக எக்ஸ்டென்ஷனில் (மரத்தின் அடியில் செருகும் நீட்டிப்பு) 18 செ.மீ. தொடங்க இது போதும். அதற்குமேல் எண்ணை விட்டுவிட்டு லீச்சை, அதாவது பாயின் பின்விளிம்பைப் பார்க்கிறேன். டவுன்ஹால், அதாவது பாயை மரத்தின் அடிநோக்கி இழுக்கும் கயிறு, சரியாக இறங்கியிருந்தால் மேல் பேட்டன்களுக்கு (பாயில் குறுக்கே செருகிய விறைப்புக் குச்சிகள்) இடையே லீச் ஓரம் தொளதொளவென்று நிற்கும். கரையில் பார்க்க அசிங்கம்தான். ஆனால் திடீர் வீச்சு வரும்போது பாயின் தலை திருகி, மிச்சக் காற்றை வெளியே விடுவது அந்தத் தொளதொளப்பால்தான். டவுன்ஹால் குறைந்தால் அது நடக்காது. இழுவை பின்னால் நகர்ந்து பின்கை கடுக்கும்.

அப்போது பலர் அவுட்ஹாலை (பாயைப் பூமின் பின்முனைக்கு இழுக்கும் கயிறு) இழுக்கிறார்கள். பாயின் வயிறு தட்டையாகும், ஆனால் தலை திறக்காது. நான் டவுன்ஹாலை முழுக்க முடித்த பிறகுதான் அவுட்ஹாலைத் தொடுவேன். அதிலும் வேலை ஓரிரு செ.மீ.க்குள்தான்: காற்று குறைந்தால் தளர்வு, கூடினால் இறுக்கம். கயிற்றைக் கையில் சுற்றி இழுப்பது முதுகுக்கு ஆகாது, இழுப்பான் ஒன்று வாங்கிவிடுங்கள். கப்பிகளில் கயிறு குறுக்கிட்டால் எவ்வளவு பலம் போட்டாலும் இறங்காது. மணலையும் அப்போதே கழுவிவிடுவது நல்லது.

அப்புறம் பாய்மரம். 430க்கு வழக்கமான விறைப்பு, ஐஎம்சிஎஸ் என்ற விறைப்பு அளவில், 21. அந்த எண் ஒன்றாக இருந்தும் வளைவு வேறாக இருக்கலாம்: சிலவற்றில் நுனி அதிகம் வளையும், சிலவற்றில் விறைப்பாக நிற்கும். நண்பர் ஒருவரின் விறைப்பு நுனி மரத்தில் இதே பாயை ஏற்றிப் பார்த்தோம். எவ்வளவு இழுத்தும் மேல்பகுதி சரியாகத் திறக்கவில்லை. புதுப் பாய்க்குச் செலவழிக்கும் முன் உங்கள் மரத்தின் வளைவு அந்தப் பாய்க்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

ஹார்னஸ் கயிறுகளை (இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்ட பூமில் கட்டுபவை) கடைசியில்தான் வைக்கிறேன். பின்கைக்குப் பாரம் வந்தால் கயிற்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவேன், முன்கைக்கு வந்தால் முன்னால். டவுன்ஹாலை மாற்றினால் இதையும் மறுபடி பார்க்க வேண்டும்.