குன்னூரில் எட்டு வாரக் காரணிப்படுத்தல் வகுப்பு: ஒரு தாயின் மதிப்புரை

குன்னூர் பெட்போர்டுப் பகுதியில் மளிகைக் கடை ஒன்றின் மாடியில் நடக்கும் கணித வகுப்பில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளை அக்டோபர் முதல் வாரத்தில் சேர்த்தேன். குறைகளையும் எழுதப் போவதால் வகுப்பின் பெயரைக் குறிப்பிடவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு அது எது என்று விசாரித்து அறிவது கடினமன்று. எல்லாப் பாடங்களையும் நடத்தும் வழக்கமான டியூஷன் அன்று இது. பல்லுறுப்புக் கோவைகளைக் காரணிப்படுத்துவதை, அதாவது பல உறுப்புகள் கொண்ட இயற்கணிதக் கோவையைப் பெருக்கல் வடிவில் பிரித்து எழுதுவதை மட்டும், சனி ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை, எட்டு வாரங்கள் கற்பிக்கிறார்கள். கட்டணம் 1,800 ரூபாய்.

ஒரே ஒரு பாடப்பகுதிக்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் கேட்டார்கள். நான் இளநிலைக் கணிதம் படித்தவள். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நானே சொல்லிக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால், பெற்ற பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் அது சண்டையாக மாறிவிடுகிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பிலேயே காரணிப்படுத்துதல் தொடங்கிவிடுகிறது. ஒன்பதில் காரணித் தேற்றமும், கோவைகளை வகுக்கும் குறுக்குமுறையான தொகுமுறை வகுத்தலும் வருகின்றன. பத்தில் பல்லுறுப்புக் கோவைகளின் மீப்பெரு பொது வகுத்தி, விகிதமுறு கோவைகளைச் சுருக்குதல், இருபடிச் சமன்பாடு ஆகிய அனைத்தும் இதன் மேல்தான் நிற்கின்றன. பதினொன்றில் பகுதிப் பின்னங்களைத் தொடும்போதும் பின்னத்தின் கீழே உள்ள கோவையை முதலில் காரணிகளாகப் பிரித்தாக வேண்டும். ஆகவே பணத்தைக் கட்டினேன்.

கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைக் கொண்டே எழுதுவதால், கீழே வரும் கோவைகளில் மாறியை ‘அ’ என்று குறிக்கிறேன்.

முதல் இரண்டு வாரங்கள் கரும்பலகையில் ஒரு சூத்திரமும் எழுதப்படவில்லை. வர்க்கி என்ற நீலகிரித் தின்பண்டம் வந்த காலி அட்டைப்பெட்டிகளைக் கத்தரித்து ஆசிரியை மூன்று வகைத் துண்டுகள் செய்து வைத்திருந்தார்: பெரிய சதுரம் அ², நீளப் பட்டை அ, சின்னச் சதுரம் 1. ஒரு பெரிய சதுரம், ஐந்து பட்டைகள், ஆறு சின்னச் சதுரங்கள் ஆகியவற்றைக் கொடுத்து, இடைவெளி விடாமல் ஒரே செவ்வகமாக அடுக்கச் சொன்னார். அடுக்கி முடித்தால் ஒரு பக்கம் அ + 2, மறுபக்கம் அ + 3; அதாவது அ² + 5அ + 6 = (அ + 2)(அ + 3). அதன்பின் ஒரு சின்னச் சதுரத்தை எடுத்துவிட்டு, மீண்டும் அடுக்கச் சொன்னாராம். அ² + 5அ + 5 என்ற அந்தக் கோவைக்கு எப்படித் திருப்பி வைத்தாலும் செவ்வகம் அமையாது. முழு எண்களைக் கொண்டு பிரிக்க இயலாத கோவைகளும் உண்டு என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கண்டுகொண்டது இந்த வகுப்பின் ஆகச் சிறந்த பகுதி என்பேன். பள்ளிக் கணக்குகள் எல்லாம் பிரியும்படியே அமைக்கப்பட்டிருப்பதால், பிரியாத ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பே பல பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

மூன்றாம் வாரத்தில் நடு உறுப்பைப் பிரிக்கும் முறைக்கு வந்தார்கள். 6அ² + அ − 12 என்றால், 6ஐயும் −12ஐயும் பெருக்கி −72 பெற்று, பெருக்கினால் −72உம் கூட்டினால் 1உம் வரும் இரண்டு எண்களாக 9, −8 ஆகியவற்றைக் கண்டு, 6அ² + 9அ − 8அ − 12 என எழுதி, 3அ(2அ + 3) − 4(2அ + 3) எனத் தொகுத்து, (2அ + 3)(3அ − 4) என முடிப்பது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழிதான். இங்கே வேறுபாடு இரண்டு கட்டாய விதிகளில் இருக்கிறது. பொதுக் காரணி இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது. கிடைத்த விடையைப் பெருக்கிப் பார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போகக் கூடாது. இரண்டாவது விதிக்காக நோட்டின் வலப்பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே பெருக்கல் எழுதப்படவில்லை என்றால் இடப்பக்க விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது.

முதல் விதி எதற்கு என்று என் மகளின் நோட்டே காட்டியது. 2அ² + 10அ + 12 என்ற கணக்குக்கு (2அ + 6)(அ + 2) என்று எழுதியிருந்தாள். பெருக்கிப் பார்த்தால் சரியாகவே வரும். ஆனால் முதல் அடைப்புக்குள் ஒரு 2 ஒளிந்திருக்கிறது. முழுமையான விடை 2(அ + 2)(அ + 3). ஆசிரியை அதைத் தவறு என்று அடிக்காமல், “இன்னும் முடியவில்லை” என்று பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார். அந்த இரண்டு சொற்களுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு வகுப்பின் தரம் இறங்குகிறது. இருபடிக் கோவைகளுக்கு அத்தனை பொறுமை காட்டியவர்கள், முப்படிக் கோவைகளை நான்கே அமர்வுகளில் ஓட்டி முடித்துவிட்டார்கள். கெழுக்களின் (உறுப்புகளில் உள்ள எண்களின்) கூடுதல் பூச்சியம் என்றால் (அ − 1) ஒரு காரணி என்பதை ஒரு குறுக்குவழியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அ இருக்கும் இடத்தில் 1ஐப் பிரதியிட்டால் கெழுக்களின் கூடுதலே கோவையின் மதிப்பாகிவிடுகிறது என்ற எளிய காரணத்தைச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால், ஓர் எண்ணைப் பிரதியிட்டுக் கோவை பூச்சியமானால் அவிலிருந்து அந்த எண்ணைக் கழித்தது ஒரு காரணி என்னும் காரணித் தேற்றமே அங்கே விளங்கியிருக்கும்.

இதனால் நேர்ந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அ³ − 7அ + 6 என்ற கோவையில் அ² உறுப்பு இல்லை. ஆகவே தொகுமுறை வகுத்தலில் கெழுக்களை 1, 0, −7, 6 என்று எழுத வேண்டும். என் மகள் 0ஐ விட்டுவிட்டு 1, −7, 6 என்று எழுதி (அ − 1)ஆல் வகுத்தாள். கேடு என்னவென்றால், அப்போதும் மீதி பூச்சியமே வருகிறது. மீதி பூச்சியம் வந்தால் கணக்கு சரி என்று மட்டும் கற்ற பிள்ளை (அ − 1)(அ − 6) என்று நிம்மதியாக எழுதி வைத்துவிட்டது. வலப்பக்கத்தில் பெருக்கிப் பார்த்திருந்தால் அ² − 7அ + 6 வந்து, முப்படி எப்படி இருபடி ஆயிற்று என்று உறைத்திருக்கும். ஆனால் முப்படிப் பகுதிக்கு வந்ததும், நேரமில்லை என்று அந்த வலப்பக்க விதியையே கைவிட்டிருந்தார்கள். சரியான விடையான (அ − 1)(அ − 2)(அ + 3) எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் கிடைத்தது, கொஞ்சம் சண்டையோடு.

அச்சிட்டுத் தரும் குறிப்பேட்டில் ஒரு பிழையும் உண்டு. மெய்யெண் பூச்சியங்கள் (பிரதியிட்டால் கோவையைப் பூச்சியமாக்கும் மெய்யெண்கள்) இல்லாத கோவையைக் காரணிப்படுத்த முடியாது என்று பொதுவாக எழுதியிருக்கிறார்கள். இருபடிக்கு இது பொருந்தும்; அ² + 4ஐ மெய்யெண்களைக் கொண்டு பிரிக்க முடியாது. அதனால்தான் அ⁴ − 16 என்பது (அ − 2)(அ + 2)(அ² + 4) என்ற அளவில் நின்றுவிடுகிறது. நான்காம் படிக்கு இந்தக் கூற்று பொருந்தாது. அ⁴ + 4 எந்த மெய்யெண்ணுக்கும் பூச்சியம் ஆவதில்லை; இருந்தும் 4அ²ஐக் கூட்டிக் கழித்தால் (அ² + 2)² − (2அ)² என்றாகி, (அ² + 2அ + 2)(அ² − 2அ + 2) எனப் பிரிந்துவிடுகிறது. இதை ஆசிரியையிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் முகம் சுளிக்காமல் பெருக்கிப் பார்த்து, அடுத்த அச்சில் திருத்துவதாகச் சொன்னார். திருத்தும் வரை, குறிப்பேட்டை வாங்குபவர்கள் அந்த வரியில் ‘இருபடி’ என்ற சொல்லைப் பேனாவால் சேர்த்துக் கொள்ளலாம்.

மற்றவை சுருக்கமாக: இருபது பிள்ளைகளுக்கு இடம் போதும், வெளிச்சம் போதாது, மூடுபனி இறங்கினால் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். எஸ்டேட் பகுதிகளிலிருந்து வரும் பிள்ளைகள் பேருந்துக்காகப் பதினொன்றே முக்காலுக்கே எழுந்துவிடுவதால், கடைசிக் கணக்கு அவர்களுக்கு எப்போதும் கிடைப்பதில்லை. பத்து மணிக்குப் பதிலாக ஒன்பதரைக்குத் தொடங்கினால் தீரும் சிக்கல் இது. நவம்பர் மழையில் மூன்று அமர்வுகள் நின்றுபோயின. அவற்றைக் கைப்பேசி வழியாக ஈடு செய்தார்கள். கரும்பலகையில் அடுக்குக்குறி 2ஆ 3ஆ என்றே தெரியவில்லை என்று என் மகள் சொன்னாள். முப்படிக் கோவைகள் மோசமாகப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கட்டணத்தில் எதையும் திருப்பித் தரவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இங்கே தயங்காமல் சேர்க்கலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக முப்படிக் கோவைகளை உறுதியாகக் கற்க நினைப்பவர்களுக்கு இது போதாது. ஜனவரியில் தொடங்கும் பேட்சில், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி மகனுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் ஐந்து வாரங்களுக்கு மட்டும் கட்டணம் கட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறேன்; இன்னும் பதில் வரவில்லை.