காட்டு பீட்டை இனம் பிரிக்க: பசுங்கணிகமா, ஐடிஎஸ்ஸா, எஸ்என்பியா?

இலையை மட்டும் பார்த்து, சர்க்கரை பீட்டின் காட்டு உறவுகளான கடலோர பீட்டையும் பீட்டா மாக்ரோகார்ப்பாவையும் பிரிக்கத் துணிய வேண்டாம். மாக்ரோகார்ப்பா காய்த்து, கனியைச் சுற்றிய இதழ்கள் தடித்த பிறகுதான் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அதுவரை காத்திருக்க முடியாதபோது மரபணுச் சான்றுதான் வழி. எந்தச் சான்று என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

எளிதானதை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒரு காலத்தில் பீட்டா பேரினத்துக்குள் ஒரு பிரிவாக வைக்கப்பட்டிருந்த பாட்டெல்லிஃபோலியாவை எந்தக் குறிப்பானும் (ஒப்பிடுவதற்கான டிஎன்ஏ அடையாளம்) தெளிவாகத் தனியே காட்டிவிடும். அதற்காகப் பெரிய செலவு வேண்டாம்.

இலையின் பச்சை உறுப்பான பசுங்கணிகத்துக்குள் இருக்கும் டிஎன்ஏவின் பலம், ஒரு செல்லில் ஏராளமான நகல்கள் இருப்பது. பழைய உலர் தாவரத் தாளில் ஒட்டிய இலையிலிருந்தும் பிசிஆர் முறையில் டிஎன்ஏவைப் பெருக்கிவிடலாம். பலவீனம், அது தாய்வழி மட்டுமே வருவது. பிரான்சின் சர்க்கரை பீட் வயல்களில் முளைத்த களை பீட்டுகளைப் பாருங்கள். அவற்றில் 1945இல் மரபியலாளர் ஓவன் விவரித்த, மகரந்தத்தை மலடாக்கும், தாய்வழி மட்டுமே வரும் ஆண்மலட்டு சைட்டோபிளாசம் இருந்ததால் தாய் சர்க்கரை பீட் என்று உறுதியானது. முதலாண்டிலேயே பூக்கும் குணமோ, விதை உற்பத்திப் பகுதியில் வளர்ந்த காட்டு பீட்டின் மகரந்தத்தோடு வந்தது. பசுங்கணிகத்தை மட்டும் பார்த்தவர் அந்தச் செடியைச் சுத்தமான சர்க்கரை பீட் என்றே எழுதியிருப்பார். ‘தாய் யார்’ என்பதற்குத்தான் அது சாட்சி. ‘இனம் எது’ என்பதற்கு அல்ல.

ஐடிஎஸ் என்பது ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே உள்ள வரிசை. அது இருபெற்றோர் வழியும் வருவது என்பதால் அந்தக் குறையைத் தீர்க்கும் என்று தோன்றும். ஆனால் இந்த ரைபோசோம் நகல்கள் தலைமுறைகள் போகப்போக ஒன்றையொன்று ஒத்துப்போய்விடுகின்றன. அதனால் பழைய கலப்பில் ஒரு பெற்றோரின் தடமே அழிந்துவிடும். புதிய கலப்பில், சாங்கர் முறையில் வரிசைப்படுத்திய வரைபடத்தில் இரட்டை உச்சிகள் தெரியும். அதை இரைச்சல் என்று திருத்திவிடாதீர்கள், உங்கள் சான்றே அதுதான். மைக்ரோசாட்டலைட்டுகள் (ஒரு சிறு வரிசை அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடங்கள்) கடலோர பீட்டின் கூட்டங்களுக்குள் நன்றாக வேலை செய்யும். சிற்றினங்களுக்கிடையே ஒரே நீளம் ஒரே மூதாதையைக் குறிக்காது என்பதால் வகைப்பாட்டுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

இன எல்லையை உண்மையில் தாங்கி நிற்பது மரபணுத்தொகை முழுதும் பரவிய எஸ்என்பிகள்தான், அதாவது ஒற்றை டிஎன்ஏ எழுத்து மாறும் இடங்கள். அங்கேயும் இரண்டு வழிகள். சர்க்கரை பீட்டுக்காக வடிவமைத்த சிப் (முன்பே தேர்ந்த எஸ்என்பிகளைச் சோதிக்கும் தகடு) மலிவு. ஆனால் சர்க்கரை பீட்டில் மாறுபடும் இடங்களை மட்டுமே அது கேட்கும்; தொலைவான இனங்கள் பொய்யாக ஒரே மாதிரி தோன்றும். வெட்டு நொதி கொண்டு மரபணுத்தொகையின் ஒரு பகுதியை மட்டும் வரிசைப்படுத்தும் முறையில் இந்தச் சாய்வு குறைவு. மெத்திலேற்றம் (டிஎன்ஏவில் மெத்தில் குழு ஒட்டியிருப்பது) உள்ள இடத்தில் வெட்டாத பிஎஸ்டி-1 போன்ற நொதியை எடுத்தால் திரும்பத்திரும்ப வரும் வரிசைகள் பெருமளவு விலகும். வெட்டுமிடமே மாறிப்போன இனத்தில் அந்தத் துண்டு காணாமல் போகும். விடுபட்ட தரவு ஓரினத்தில் மட்டும் குவிகிறதா என்று பாருங்கள்.

கையில் பணம் இருந்தால் முழு மரபணுத்தொகையையும் மெல்லிய ஆழத்தில், அதாவது ஒவ்வொரு இடத்தையும் சில முறை மட்டும் வாசித்து, வரிசைப்படுத்துவதே என் தேர்வு. 2014இல் வெளியான சர்க்கரை பீட் மரபணுத்தொகையின் மதிப்பிட்ட அளவு சுமார் 73 கோடி கார இணைகள். ஒரு மடங்கு ஆழத்துக்கே பசுங்கணிகம் நூறு மடங்குக்கு மேல் கிடைத்துவிடும், ஐடிஎஸ்ஸும் கூடவே வரும். மூன்று சான்றுகள் ஒரே குழாயிலிருந்து.

எந்த வழியானாலும் கெடுவது பெரும்பாலும் டிஎன்ஏ பிரிப்பில்தான். இளம் இலையைப் பறித்த உடனே சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். 20 மில்லிகிராம் உலர் இலையை 2% சிடிஏபி (செல்சவ்வை உடைக்கும் சோப்புப் பொருள்), 2% பிவிபி (ஃபீனால்களைப் பிடிக்கும் பாலிமர்), 0.2% மெர்காப்டோஎத்தனால் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது) கொண்ட கரைசலில் 65 டிகிரி செல்சியஸில் வையுங்கள். வீழ்படிவு பழுப்பாக இருந்தால் ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டன. சளிபோல் இழுத்தால் பாலிசாக்கரைடு. உப்பின் செறிவை 2 மோலாருக்கு மேல் உயர்த்தி மறுபடி வீழ்படிவாக்குங்கள். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/230 விகிதம் (அந்த இரு நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) 1.5க்குக் கீழே நின்றால் நொதி சரியாக வெட்டாது.

வரிசைப்படுத்தும் முன் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்லுக்குள் உள்ள டிஎன்ஏ அளவை அளக்கும் முறை) குரோமோசோம் மடங்கைக் கண்டிப்பாகப் பாருங்கள். பீட்டா இனங்களில் மாக்ரோரைசா 18 குரோமோசோம் கொண்ட இருமடியம், கொரோலிஃப்ளோரா 36 கொண்ட நான்மடியம். மாக்ரோகார்ப்பாவிலேயே கேனரித் தீவுகளில் நான்மடிய வடிவம் உண்டு. இருமடியத்தில் ஒரு இடத்துக்கு 10 வாசிப்புகள் போதும். நான்மடியத்தில் 1:3 விகிதத்தை 2:2இலிருந்து பிரிக்க 50 ஆவது வேண்டும்.

தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் இருமடிய மாக்ரோகார்ப்பாவில் கலப்பிணைவு (ஒரே இடத்தில் இரு வேறு எழுத்துகள் இருப்பது) மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். மாதிரிகள் அத்தனையும் ஒரே இடத்தில் ஏ, ஜி என்ற டிஎன்ஏ எழுத்துகள் இரண்டையும் காட்டினால் அது மாறுபாடு அல்ல. மரபணுத்தொகையில் இரட்டித்துப்போன இரண்டு பகுதிகளின் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அந்த இடத்தை நீக்கிவிட்டு இன உறவு மரத்தை மறுபடி வரையுங்கள்.