தட்டேக்காட்டில் ‘தவளைவாயன் நிச்சயம்’ என்று சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

கடந்த பிப்ரவரி மாதம் நானும் என் அக்காவும் கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குச் சென்றபோது, வழிகாட்டி என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் ஏமாந்தோம். பணம் போன வருத்தம் இருக்கிறது. ஆனால் எங்கள் கண்ணெதிரே, நாங்கள் கொடுத்த பணத்துக்காக, அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு தவளைவாயன் பறவை கூட்டிலிருந்து விரட்டப்பட்டது என்பதுதான் இதை எழுத வைக்கிறது. அவருடைய பெயரை இங்கே குறிப்பிடவில்லை. உரிய அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டோம். இதே முறையில் இன்னொருவரும் ஏமாற்றக்கூடும் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

தட்டேக்காடு பெரிய காடு அல்ல. கோதமங்கலத்திலிருந்து சற்றேறக்குறைய 13 கிலோமீட்டர் தொலைவில், பெரியாற்றின் கரையில், சுமார் 25 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது. 1933-இல் திருவிதாங்கூர்ப் பகுதியின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி இந்தக் காட்டின் வளத்தை எடுத்துச் சொன்னார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1983-இல், இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் தேடுவது இலங்கைத் தவளைவாயனை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் காண முடியாத இந்த இரவுப் பறவை, பகல் முழுவதும் தாழ்வான கிளையில் காய்ந்த இலைக் கொத்துபோல அசையாமல் அமர்ந்திருக்கும். பக்கத்திலேயே நின்றாலும் பழகாத கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் வழிகாட்டி தேவைப்படுகிறார். அந்தத் தேவையில்தான் ஏமாற்றுக்காரருக்கும் இடம் கிடைக்கிறது.

நாங்கள் தொடர்புகொண்டவர் இரண்டு நாள்களுக்கு 13,500 ரூபாய் கேட்டார். அதில் சரணாலய அனுமதிக்கென்று மட்டும் 2,400 ரூபாய் தனியாகக் கணக்குக் காட்டினார். ‘தவளைவாயன் நிச்சயம், பத்தடி தூரத்தில் படம் எடுக்கலாம்’ என்று எழுதி, கூட்டில் அமர்ந்திருக்கும் பறவையின் படங்கள் சிலவற்றையும் அனுப்பினார். அந்தப் படங்களைப் பார்த்தபோதே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கூட்டுக்கு நேரெதிரே, கண்மட்டத்தில், இலைகள் விலக்கப்பட்டு எடுக்கப்பட்ட படங்கள் அவை. நான் அவற்றைப் பாராட்டி 7,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். அந்தப் பிழை என்னுடையது.

காலை ஆறரைக்கு வருவதாகச் சொன்ன ஜீப் எட்டு மணிக்கு வந்தது. பறவை பார்ப்பவர்களுக்கு விடிந்தபின் வரும் இரண்டு மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். அது முதலிலேயே போயிற்று. சரணாலய வாசலில் வண்டி நிற்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அந்த வாசல் சுற்றுலா வருகிறவர்களுக்கானது என்றும், பறவை பார்ப்பவர்களுக்கு வேறு பாதை உண்டு என்றும், சீட்டு தம்மிடம் இருப்பதாகவும் சொன்னார். கடைசியில் நாங்கள் நடந்தது ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரமாக.

அங்கே அவர் பையிலிருந்து ஒரு சிறிய ஒலிபெருக்கியை எடுத்து, தீக்காக்கை (Malabar trogon) என்ற காட்டுப் பறவையின் குரல் பதிவை இருபது நிமிடங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். நெஞ்சுக்குக் கீழே செந்நிறமுள்ள ஆண் பறவை ஒன்று வந்தது உண்மைதான். ஆனால் அது கிளைக்குக் கிளை தாவித் தவித்துக்கொண்டிருந்தது. தன் எல்லைக்குள் வேறோர் ஆண் புகுந்துவிட்டதாக எண்ணி அதை விரட்ட வரும் பறவை, இரை தேடும் நேரத்தையும் உடல் வலுவையும் இல்லாத எதிரிக்காகச் செலவிடுகிறது. அக்கா நிறுத்தச் சொன்ன பிறகும் அவர் உடனே நிறுத்தவில்லை.

அடுத்து, ஆள் உயரக் கிளை ஒன்றில் தவளைவாயனைக் காட்டினார். அக்கா தொலைநோக்கியில் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். “தம்பி, அது சாம்பல் நிறம், ஆண். பகலில் ஆண்தான் அடைகாக்கும். அடியில் கூடு இருக்கிறது, அவரைப் பின்னால் வரச் சொல்” என்றார். நான் சொல்வதற்குள் அவர் ஒரு கம்பால் கிளையை வளைத்துப் பிடித்திருந்தார். பறவை அலகை மேலே தூக்கி, ஒடிந்த கிளையின் நுனியைப்போல விறைத்து நின்றது. அஞ்சும்போது அது தன்னை மறைத்துக்கொள்ளும் விதம் அது. பறக்கும் படம் வேண்டுமா என்று கேட்டபடியே அவர் கையைத் தட்டினார். பறவை போய்விட்டது. உள்ளங்கையை விடச் சிறிய கூட்டில் ஒரேயொரு வெள்ளை முட்டை இருந்தது. தவளைவாயன் ஓர் ஈட்டுக்கு ஒரு முட்டைதான் இடும்.

நாங்கள் படம் எடுக்காமல் அவ்விடத்தை விட்டு விலகினோம். சீட்டைக் காட்டச் சொன்னபோது முதலில் ஜீப்பில் இருக்கிறது என்றார், பிறகு அலுவலகத்தில் இருக்கிறது என்றார், அதன்பின் மீதிப் பணத்தைக் கொடுத்தால்தான் வண்டி திரும்பும் என்றார். கொடுக்க மறுத்துவிட்டு முதன்மைச் சாலைவரை நடந்தே வந்தோம். முன்பணம் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை நாங்களே சரணாலய அலுவலகத்துக்குச் சென்று விசாரித்தபோது, முந்தைய நாளுக்கு எங்கள் பெயரில் எந்த அனுமதியும் பெறப்படவில்லை என்று தெரிந்தது. அங்கேயே சீட்டு வாங்கினோம். எங்களுடன் வந்த வனத்துறை ஊழியர் தாழ்ந்த குரலில் பேசினார். பாதையை விட்டு ஓர் அடி விலகவும் விடவில்லை. எந்தப் பறவைக்கும் உறுதி கொடுக்கவில்லை. மலபார் சாம்பல் இருவாச்சிகளைப் பார்த்தோம். தவளைவாயன் தென்படவில்லை, அதில் குறை ஒன்றும் இல்லை. தட்டேக்காட்டில் பறவைகளை நேசிக்கும் நல்ல வழிகாட்டிகள் இருக்கிறார்கள். இந்த ஒருவரால் அவர்கள் பிழைப்புக்குக் கேடு வரக்கூடாது.

ஆகவே செல்கிறவர்கள் அனுமதிச் சீட்டை வண்டியில் ஏறுவதற்கு முன்பே கையில் வாங்கிப் பாருங்கள். சீட்டு இல்லையென்றால் ஏறாதீர்கள். குரல் பதிவு ஒலிக்கவிடுவாரா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். கூட்டுப் படங்களைக் காட்டி அழைப்பவரை நம்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. அது சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள ரப்பர் தோட்டத்துக்கும் பொருந்தும். அப்படி நடக்கும் இடத்தில் காசு கொடுத்து நிற்கிறவர்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர்.

அந்த ஆண் பறவை முட்டைக்குத் திரும்பியதா என்று எங்களுக்குத் தெரியாது. போய்ப் பார்ப்பதும் இன்னொரு தொந்தரவுதான் என்று அக்கா சொன்னதால் போகவில்லை. கூடு இருக்கும் இடத்தைப் புகாரில் வரைந்து கொடுத்திருக்கிறேன். வேறு யாருக்கும் சொல்லமாட்டேன், தயவுசெய்து கேட்காதீர்கள்.