ஜியோகேஷிங் லாக்: ஸ்பாட்லயே போட்டு எடிட் பண்றதா, டிராஃப்ட்ல வச்சுப் பார்த்துட்டு போடுறதா?

ஜியோகேஷிங்னா ஒருத்தர் (ஓனர்) ஒளிச்சு வச்ச டப்பாவை, அதாவது கேஷை, ஜிபிஎஸ் வச்சு தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டு; தேடுன கதையை ஆப்லயோ வெப்சைட்லயோ அந்த கேஷோட பேஜ்ல எழுதிப் பதியறதுதான் லாக். கேஷ் கைக்கு வந்த உடனே ஆப்ல 'ஃபவுண்ட் இட்' தட்டி, ரெண்டு வரி அடிச்சு போஸ்ட் பண்ணிட்டு, ராத்திரி எடிட்ல போய் ஒழுங்கா எழுதிக்கலாம்னு விடுறது ஒரு வழி. அதையே டிராஃப்டா சேவ் பண்ணிட்டு, அப்புறம் வெப்சைட்ல உக்காந்து எழுதி, பிரிவ்யூ பார்த்துட்டு போஸ்ட் பண்றது இன்னொரு வழி. சி:ஜியோ, ஜிசாக் மாதிரி வெளி டூல்ல எழுதி அனுப்புறது மூணாவது. நான் ரொம்ப நாள் முதல் வழியிலதான் ஓட்டினேன், இப்போ டிராஃப்ட் பக்கம் வந்து செட்டில் ஆயிட்டேன், அதனால நடுநிலையான அலசலை எதிர்பார்த்து வராதீங்க.

வேகம்னு பார்த்தா முதல் வழிதான், அதுல பேச ஒண்ணுமில்ல. எழுத்துப்பிழைய எப்ப வேணா திருத்தலாம்கறதும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா இந்த "எப்ப வேணா திருத்தலாம்"லதான் விஷயமே இருக்கு.

லாக்கை போஸ்ட் பண்ண அந்த நிமிஷமே அதோட முழு டெக்ஸ்ட் கேஷ் ஓனருக்கு ஈமெயிலா போயிடும். அந்த கேஷை வாட்ச்லிஸ்ட்ல போட்டு வச்சிருக்கவங்களுக்கும் போகும். அதுக்கப்புறம் நீங்க லாக்கை எத்தனை தடவை எடிட் பண்ணாலும் மறுபடி மெயில் வராது. அதாவது பேஜ்ல இருக்கறது ஒரு லாக், ஓனரோட இன்பாக்ஸ்ல இருக்கறது வேற லாக். நானும் சில கேஷ் வச்சிருக்கேன், ஓனரா நின்னு பார்த்தாதான் இது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு புரியும். மெயில்ல வெறும் "டிஎஃப்டிசி"ன்னு (தேங்க்ஸ் ஃபார் த கேஷ், சும்மா ஒரு நன்றி) ஒரு லாக் வரும், சரின்னு விட்டுடுவேன், ஒரு மாசம் கழிச்சு வேற ஏதோ வேலையா கேஷ் பேஜை திறந்தா அதே ஆள் எப்படி தேடுனார், வழியில என்னத்தப் பார்த்தார், எந்த இடத்துல சிரிச்சார்னு நாலு பாரா எழுதி வச்சிருப்பார். அன்னிக்கே எடிட் பண்ணிருப்பார் பாவம், எனக்குத்தான் வந்து சேரல. ஒரு ஓனருக்கு இந்த ஹாபில கிடைக்கிற சம்பளமே அந்த நாலு பாராதான், அது மெயில்ல வரலன்னா பாதி பேர் பார்க்கவே மாட்டாங்க, ஏன்னா நிறைய கேஷ் வச்சிருக்கவங்க தினமும் ஒவ்வொரு பேஜா போய் திறந்து பார்த்துட்டு இருக்க மாட்டாங்க.

ஸ்பாய்லர் இன்னும் மோசம். டப்பா எங்க ஒளிச்சிருக்கு, புதிர் எப்படி அவிழ்ந்துச்சுன்னு அந்த குஷில எழுதிடுவாங்க, அஞ்சு நிமிஷத்துல உறைச்சு எடிட் பண்ணி எடுத்துடுவாங்க. பேஜ் சுத்தமாயிடும். ஆனா வாட்ச்லிஸ்ட்ல இருந்தவன் மெயில்ல அது அப்படியே கிடக்கும், அவன் இன்னும் அந்த கேஷை தேடப் போகாதவனா இருந்தா மொத்த சுவாரசியமும் போச்சு. டிஎன்எஃப்பை, அதாவது 'கிடைக்கல' லாக்கை, ஃபவுண்டா மாத்துறதும் இதே கதைதான். முதல்ல கிடைக்கலன்னு லாக் போட்டு, திரும்பிப் போய் தேடிக் கண்டுபிடிச்சு, பழைய லாக்லயே டைப்பை மாத்திட்டா ஓனருக்கு வந்த கடைசி சேதி 'கிடைக்கல'தான், அவர் டப்பா காணாமப் போச்சுன்னு நினைச்சு மெனக்கெட்டு போய் செக் பண்ணுவார். அந்த மாதிரி நேரத்துல பழசை அப்படியே விட்டுட்டு புதுசா ஒரு ஃபவுண்ட் லாக் போடுறதுதான் சரி.

டிராஃப்ட்ல இந்தத் தொல்லையே இல்ல, ஏன்னா போஸ்ட் பண்ற வரைக்கும் யாருக்கும் எதுவும் போகாது. முன்னாடி இதுக்கு ஃபீல்ட் நோட்ஸ்னு பேரு. ஆப்ல சேவ் பண்ணா நீங்க போன தேதியோட நிக்கும், கார்மின் ஜிபிஎஸ் கருவி வச்சிருக்கவங்க அதுல பதிவாகுற விசிட்ஸ் ஃபைலை டிராஃப்ட்ஸ் பேஜ்ல அப்லோட் பண்ணா மொத்தமும் வரிசையா வந்து உக்காரும். பவர் டிரெயில்ல, அதாவது கேஷை வரிசையா வச்சிருக்கற பாதையில, 161 மீட்டருக்கு ஒண்ணுன்னு அடுத்தடுத்து எடுத்துட்டுப் போறப்போ எது எந்த டப்பான்னு ராத்திரி நினைவிருக்காது, இந்த வரிசைதான் காப்பாத்தும். ஸ்பாட்ல நான் முழு வாக்கியமே அடிக்கறதில்ல, "எறும்பு, பேனா எழுதல, நாய் குரைச்சது"ன்னு துணுக்கா போட்டு வச்சுப்பேன், மத்ததெல்லாம் வீட்ல வச்சுத்தான்.

பிரிவ்யூ எதுக்குன்னு கேட்டா, லாக்ல மார்க்டவுன் (குறிகளை வச்சு எழுத்தை வடிவமைக்கிற முறை) வேலை செய்யுது, ஆனா சும்மா டைப் பண்றவனுக்கு அது தெரியாம காலை வாரும். வரி ஆரம்பத்துல # போட்டு இடைவெளி விட்டு கேஷ் நம்பர் எழுதுனா அந்த வரி பெருசா தலைப்பா மாறிடும். ஒரு எண் அடிச்சு புள்ளி வச்சு வரியை ஆரம்பிச்சா பட்டியல்னு எடுத்துக்கும். நட்சத்திரக் குறி ரெண்டு பக்கமும் வந்துட்டா நடுவுல இருக்கறது சாய்ஞ்சுடும், நட்சத்திரமும் காணாமப் போயிடும். போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்தா எல்லாம் கண்ணுல பட்டுடும். நீளமா எழுதுறவங்க 4000 கேரக்டர் வரம்பையும் அப்பவே பார்த்துக்கலாம், நம்ம தமிழ்ல மெய்யும் உயிர்மெய்யும் சேர்ந்து சீக்கிரமே ரொம்பும். பிரிவ்யூ பார்க்கும்போது இன்னொரு பழக்கம் வச்சிருக்கேன், இன்னும் அந்த கேஷை தேடாத ஆளா நினைச்சுப் படிச்சுப் பார்ப்பேன், பாதி ஸ்பாய்லர் அங்கேயே மாட்டிக்கும்.

டிராஃப்ட்டுக்கும் ஒரு நோய் இருக்கு, தேங்கிப் போறது. ஒரு நல்ல டிரிப் முடிச்சுட்டு வந்தா குவிஞ்சு கிடக்கும், எழுத சோம்பலா இருக்கும், வாரம் ஓடிடும். நம்ம ஃபவுண்ட் கணக்கு ஏறலன்னா பரவால்ல, ஆனா டிஎன்எஃப் தேங்கக்கூடாது, அதை நம்பித்தான் அடுத்தவன் போறதா வேணாமான்னு முடிவு பண்றான். டப்பா உடைஞ்சு லாக்புக் நனைஞ்சு கிடந்தா ஓனர் அட்டென்ஷன் லாக்கை அன்னிக்கே போட்டுடுங்க, நடை அழகெல்லாம் அப்புறம். டிராவல் பக் (கேஷுக்கு கேஷ் கைமாறிப் போற, நம்பர் போட்ட பொருள்) எடுத்துட்டு வந்திருந்தாலும் சீக்கிரம் ரிட்ரீவ் பண்ணி, எடுத்துட்டேன்னு பதிஞ்சுடுங்க, இல்லன்னா அடுத்து வர்றவன் லிஸ்ட்ல இருக்கற பக்கை டப்பாக்குள்ள தேடிட்டு இருப்பான். புது கேஷ்ல எஃப்டிஎஃப் அடிச்சாலும், அதாவது முதல் ஆளா கண்டுபிடிச்சாலும், அப்படித்தான், அவசரமா கிளம்பி வந்துட்டு இருக்கறவங்களுக்கு அங்கேயே ஒரு லாக் தட்டி விடுறது மரியாதை. ஸ்பாட் லாக் உண்மையாவே ஜெயிக்கிற இடம்னா இதெல்லாம்தான்.

மூணாவது வழியைப் பத்தி கொஞ்சம்தான் சொல்ல முடியும். சி:ஜியோல ஆஃப்லைனா லாக் எழுதி போன்லயே வச்சுக்கலாம், தேதி, நேரம், எத்தனையாவது ஃபைண்டுன்னு தானா நிரப்புற டெம்ப்ளேட்டும் இருக்கு, சிக்னல் இல்லாத காட்டுல அருமையா கைகொடுக்கும். ஜிசாக்கை நான் மேலோட்டமாத்தான் பார்த்திருக்கேன், நூத்துக்கணக்குல மொத்தமா லாக் போடுறவங்க அதை விடவே மாட்டாங்க. எனக்கு டெம்ப்ளேட்டே ஆகாது, ஒரே லாக்கை இருபது கேஷுக்கு ஒட்டினா ஓனருக்கு அது டிஎஃப்டிசிதான், என்ன கொஞ்சம் நீளமான டிஎஃப்டிசி.

எடிட்டை சுத்தமா ஒதுக்கிடல. போட்டோ சேர்க்கறது, தேதி மாறிப் போனதைத் திருத்தறது, ஒரு எழுத்துப்பிழைன்னா இப்பவும் எடிட்தான், அதெல்லாம் ஓனர் மெயில்ல பார்க்கலன்னாலும் குடி முழுகிடாது. ஓனருக்குப் போய்ச் சேரணும்னு நினைக்கிற விஷயம் ஏதாவது விட்டுப்போச்சுன்னா மட்டும் எடிட் பக்கம் போகாம தனியா ஒரு 'ரைட் நோட்' போடுவேன், அதுக்கு மெயில் போகும்.