240 ஆணி பதித்த டயர்: ஒரு சைக்கிள் கடைக்காரனின் மதிப்பீடு

பாளையங்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்குப் பனிக்கட்டிச் சாலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பது நியாயம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்ணார்பேட்டைப் பக்கம் வழுக்கி விழுந்தவர்களின் ஹேண்டில்பாரை நிமிர்த்திக் கொடுப்பதுதான் எங்களுக்குக் குளிர்காலத் தொழில். ஆனால் என் மகளும் மருமகனும் பின்லாந்தின் ஊலு நகரில் இருக்கிறார்கள். தை மாதத்தில் அங்கே போய்த் தங்கியிருந்தபோது மகளின் சைக்கிளுக்குப் பனிக்கட்டியில் வழுக்காத ஆணி டயர் மாட்டியது நான்தான், ஓட்டியும் பார்த்தேன். அவள் கழித்துப்போட்ட பழைய டயர் இப்போது என் கடைச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் ஆணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதை நம்ம சைக்கிளுக்கு மாட்டித் தாருங்களேன்" என்கிறார்கள்.

மாட்ட முடியாது. அதன் பக்கவாட்டில் 40-622 என்று அச்சடித்திருக்கிறது. 40 அகலம், 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டர் கணக்கில். நம் ஊர்ப் பெரிய சைக்கிளுக்கு அது 635. இரண்டையும் 28 அங்குலம் என்றே சொல்கிறார்கள், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. படிப்புக்காக அந்தப் பக்கம் போகும் பிள்ளைகள் 28 என்று மட்டும் சொல்லி வாங்காமல், இந்த மூன்று இலக்க எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

நான் மாட்டியது நோக்கியன் என்ற பின்லாந்துக் கம்பெனிப் பெயரில் வந்த ஹக்கபெலீட்டா டபிள்யூ 240. பெயரில் உள்ள எண்தான் ஆணிகளின் எண்ணிக்கை. இதன் தம்பி டபிள்யூ 106, அதில் 106 ஆணி. 1934-இலேயே லாரிகளுக்குப் பனிக்கால டயர் செய்து விற்ற ஊர்க்காரர்கள் என்பதால் தொழில் கையில் பேசுகிறது. ஆணியின் தலை ரப்பருக்குள் புதைந்திருக்க, நுனி மட்டும் கம்பங்கதிரின் மணி அளவுகூட இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நுனி டங்ஸ்டன் கார்பைடு. வெறும் இரும்பாணி தார்ச் சாலையில் சீக்கிரம் மழுங்கிவிடும். இது பல குளிர்காலம் தாங்கும். பெயர் தெரியாத மலிவு டயர் ஒன்றை மருமகன் முன்பு வாங்கியிருந்தார். அதில் பங்குனிக்குள் பாதி ஆணி உதிர்ந்துவிட்டது.

மாட்டுவதற்குக் கை பலம் வேண்டும். ஓரக்கம்பி விறைப்பாக இருக்கிறது, டயரை அழுத்திப் பிடித்தால் ஆணி உள்ளங்கையைக் கீறுகிறது. தோல் கையுறை போட்டுக்கொண்டுதான் முடித்தேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடம் விட வேண்டும், இல்லையென்றால் உரசும். முதல் 40, 50 கிலோமீட்டர் தார்ச் சாலையில் நிதானமாக, சட்டென்று பிரேக் பிடிக்காமல் ஓட்ட வேண்டும். அப்போதுதான் ஆணிகள் ரப்பருக்குள் சரியாக உட்காரும்.

ஓட்டம் எப்படி? கனம்தான். தாரில் பொரி வறுபடுகிற சத்தம் வரும். எந்தக் கம்பெனி ஆணி டயரானாலும் இதற்குத் தப்பாது. பனிக்கட்டியில் ஏறியதும் அந்தச் சத்தம் மாறி, டயர் கடித்துக்கொண்டு போவது ஹேண்டில்பாரிலேயே தெரிகிறது. காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ஓரத்து ஆணிகளும் தரையைத் தொடும். பனி இல்லாத நாளில் கூட்டிக்கொள்ளலாம். ஆணி உதவாத இடமும் உண்டு. பலர் மிதித்துக் குழைந்த பனி இறுகிப் பள்ளமும் மேடுமாக நிற்கும் இடத்தில் சக்கரம் அதன் இஷ்டத்துக்கு இழுக்கும். அங்கே இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை.

குளிர் கூடினால் வழுக்கல் கூடும் என்றுதான் நம் ஊரில் நினைப்போம். நேர்மாறு. மைனஸ் 20 டிகிரியில் பனிக்கட்டி காய்ந்து கிடக்கும், ஓரளவு பிடிக்கும். பூஜ்யத்தை ஒட்டிய நாளில்தான் அதன் மேல் நீர்ப்படலம் நின்று ஆளைக் கவிழ்க்கும். ஆகவே ஹெல்சின்கியில் ஊலுவைவிடக் குளிர் குறைவு, ஆணி வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உருகி உருகி உறைகிற ஊருக்குத்தான் இது அதிகம் தேவை.

ஊலுவில் சைக்கிள் பாதையைத் தார் தெரிகிற வரை சுரண்டுவதில்லை. பனியை அமுக்கிச் சமன்படுத்தி, மேலே கருங்கல் பொடி தூவிவிடுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் ஓட்டத்துக்கென்று உலக மாநாடு 2013-இல் முதன்முதலாக அங்கேதான் கூடியது. பார்த்தபின் அதில் எனக்கு வியப்பில்லை. அந்தக் கல்பொடி மட்டும் பனி உருகும் காலத்தில் பஞ்சர் போடும்.

டயர் மாட்டியதோடு வேலை முடிவதில்லை. ஃபிரீவீலில் நாம் அடைக்கிற கெட்டிக் கிரீஸ் அந்தக் குளிரில் இறுகிவிடும். உள்ளே பல் கடிக்காது, பெடல் சும்மா சுற்றும். கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் விட வேண்டும். பிரேக் கம்பிக்குள் ஈரம் இருந்தால் அதுவும் உறையும். சைக்கிளைச் சூடான வீட்டுக்குள் வைத்தால் ஒட்டிய பனி உருகி இடுக்கெல்லாம் இறங்கி, வெளியே வந்ததும் கட்டியாகிவிடும். குளிரிலேயே, கூரைக்கடியில் நிறுத்துவது மேல்.

விலை நம் ஊரில் ஒரு சாதாரணச் சைக்கிளின் விலையை நெருங்குகிறது, அதுவும் ஒரு டயருக்கு. உதவித்தொகையில் படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் சேர்த்து வாங்குவது கஷ்டம். ஒன்றுதான் முடியும் என்றால் முன் சக்கரத்துக்கு மாட்டுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றித் தப்பிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் ஊன்ற நேரமிருக்காது. பழைய டயர் கிடைத்தாலும் வாங்கலாம். ஆணி நுனியை நகத்தால் தட்டிப் பாருங்கள்: கூர் இருந்து, ஆடாமல் நின்றால் காசு கொடுங்கள், குழியோடு குழியாக மழுங்கியிருந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.