பால்வாடியா, எல்கேஜியா, மாண்டிசோரியா? மூணு வயசுப் புள்ளைய எங்க விடறது

தங்கச்சி பையனுக்கு ஆடி வந்தா மூணு முடியுது. காவேரிப்பட்டணம் பக்கம் வீடு, ஒரு மாசமா இதே பேச்சுதான். மாப்ள வேன் வர்ற இங்கிலீஷ் மீடியம் எல்கேஜில போடலாம்ங்கறார், எங்கம்மா தெருக்கோடி பால்வாடியே போதும்ங்கறாங்க, தங்கச்சிக்கு ஓசூர்ல பாத்த மாண்டிசோரி மேல ஆசை. சரின்னு மூணு எடத்துலயும் போய் உக்காந்து பாத்தேன், கூடவே இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னும் தேடிப் படிச்சேன்.

எல்கேஜில வர்ற கே இருக்கே, கிண்டர்கார்டன், அது 1840ல ஜெர்மனில ஃப்ரோபெல்ங்கறவர் வெச்ச பேரு, குழந்தைங்க தோட்டம்னு அர்த்தம். அவர் புள்ளைங்க கையில மொதல்ல குடுத்தது கலர் கலரா ஆறு நூல்பந்து, அப்புறம் மரத்துல செஞ்ச உருண்டை, சதுரக்கட்டை, உருளை, கூடவே பாட்டு, செடி வளக்கறது. வெளையாட்டுதான் அந்த வயசுக்குப் படிப்புன்னு நம்பின மனுசன். 1851ல பிரஷ்ய அரசாங்கம் அதைத் தடையே பண்ணுச்சு, அடுத்த வருசம் அவர் செத்துட்டார், தடைய எடுத்தது 1860ல. அவ்ளோ பாடுபட்டு வந்த பேரை போர்டுல எழுதிட்டு நான் பாத்த எல்கேஜில மூணு வயசுக் குழந்தைங்கள பெஞ்சுல உக்கார வெச்சு நாலு கோடு நோட்டுல ஏபிசிடி எழுத வெக்கறாங்க, வீட்டுக்கும் ரெண்டு பக்கம். விரல்ல பலமே வரல, பென்சில அழுத்திப் புடிச்சுப் புடிச்சு ஒரு பொண்ணு கைய ஒதறிட்டே இருந்துச்சு, எனக்கு மனசே ஆறல.

மாண்டிசோரிங்கறது இத்தாலிக்கார அம்மா ஒருத்தங்களோட பேரு, அவங்க ஒரு டாக்டர். 1907ல ரோம்ல சான் லொரென்சோங்கற ஏழைங்க குடியிருப்புல, அப்பா அம்மா வேலைக்குப் போனதும் தனியா திரிஞ்ச புள்ளைங்களுக்காக ஆரம்பிச்சது. 1939ல நம்ம அடையாறுக்கே வந்து டீச்சருங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க, யுத்த காலத்துல கொடைக்கானல்லயும் இருந்தாங்க. உப்புத்தாள்ல வெட்டின எழுத்த விரலால தடவிப் பாக்கறது, தண்ணி ஊத்திப் பழகறது, பட்டன் போடறது, எல்லாம் புள்ள தானே எடுத்து தானே திருப்பி வெக்கணும். எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். ஆனா ஏழைங்களுக்குன்னு பொறந்தது இன்னிக்கு ஃபீஸ் கேட்டா நம்மளால முடியல. இன்னொன்னு, அந்தப் பேரை யார் வேணா போர்டுல போட்டுக்கலாம், அதனால மூணுலேருந்து ஆறு வயசு வரைக்கும் ஒண்ணா கலந்து உக்காருதுங்களா, மணிக்கொருதரம் பெல் அடிச்சு வேலையக் கெடுக்காம விடறாங்களான்னு பாத்துட்டுப் பணம் கட்டுங்க.

பால்வாடிய வெறும் சோறு போடற எடம்னு நெனைக்கறவங்க அதிகம். அங்கன்வாடின்னும் சொல்வாங்க, அதுல வர்ற அங்கன்னா முற்றம். தாராபாய் மோடக்ங்கற அம்மா மாண்டிசோரி முறையப் படிச்சவங்க, மகாராஷ்டிரா கிராமத்துல அந்த வெலை அதிகமான சாமானுக்குப் பதிலா கல்லு, கொட்டை, எலைன்னு கெடைச்சத வெச்சே அதைச் செஞ்சு காட்டினாங்க. அப்புறம் 1975 அக்டோபர் 2ல 33 வட்டாரத்துல இந்த அங்கன்வாடிங்கள நடத்தற மத்திய அரசு திட்டம் தொடங்குச்சு. எங்க ஊர் பால்வாடிலயும் புளியங்கொட்டைய எண்ணி அடுக்கறாங்க, ஆடிப்பாடறாங்க. வீட்ல தெலுங்கு பேசற புள்ள வந்தா டீச்சரம்மா தெலுங்குலயே கூப்ட்டு மடில வெச்சுக்கறாங்க, இது எந்த எல்கேஜிலயும் நான் பாக்கல. கொறை இல்லாம இல்ல, எடை பாக்கறது, கர்ப்பிணிங்களுக்கு மாவு குடுக்கறது, போன்ல பதிவு ஏத்தறதுன்னு எல்லாம் அந்த ஒரே டீச்சர் தலைலதான், பாட்டு நேரம் பாதில நின்னுடுது. அந்தம்மாவ கொறை சொல்ல எனக்கு மனசு வரல, இன்னொரு ஆள் போடணும்.

கடைசில அம்மா சொன்னதுக்கே நான் கைதூக்கினேன். இப்ப பால்வாடி, அஞ்சு முடிஞ்சதும் ஒண்ணாங்கிளாஸ். தங்கச்சி ஆசைக்கு வீட்லயே ரெண்டு சின்ன சொம்பு, ஒரு கிண்ணத்துல துவரையும் மொச்சையும் கலந்து வெச்சிருக்கோம், பையன் சாயங்காலம் உக்காந்து பிரிக்கறான். மாப்ளதான் இன்னும் வேன் பத்திப் பேசிட்டிருக்கார், அவரை ஒருநாள் அந்த பெஞ்சு கிளாஸ்ல அரைமணி நேரம் உக்கார வெச்சுக் கூட்டிட்டு வரணும்.