அட்மின் உரிமை யாரிடம்: பூட்டிய கணினியா, திறந்த கணினியா?

அலுவலகம் தரும் மடிக்கணினியில் அட்மின் உரிமையை, அதாவது எதையும் நிறுவவும் மாற்றவும் வல்ல அதிகாரத்தை, பணியாளரிடமே விட்டுவிடுவது ஒரு வழி. அந்த உரிமையை ஐடி பிரிவு தன்னிடம் வைத்துக்கொண்டு, ஒப்புதல் தந்த மென்பொருளை மட்டும் ஓடவிடுவது மற்றொரு வழி. பாதுகாப்பை மட்டும் பார்த்தால் இரண்டாவதே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலோர் அட்மினாகவே வேலை பார்த்ததால், தவறான ஒரு கோப்பைத் திறந்தாலே கணினி முழுவதும் தீநிரலின் கைக்குப் போய்விடும்.

ஆனால் அட்மின் உரிமையைப் பறித்ததுமே பூட்டு விழுந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது தவறு. குரோம் உலாவி பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே தன்னை நிறுவிக்கொள்ள வல்லது. அதற்கு யாருடைய கடவுச்சொல்லும் வேண்டியதில்லை. கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் தீநிரலுக்கும் பணியாளரின் சாதாரண உரிமையே போதும். அவர் எழுத முடிகிற பொதுக் கோப்புறைகள் அனைத்தையும் அது குலைத்துவிடும். எனவே உண்மையில் பூட்ட நினைப்பவர்கள், விண்டோஸ் 7 உடன் 2009-இல் வந்த ஆப்லாக்கர் போன்ற கருவியைக் கொண்டு எவை ஓடலாம் என்ற பட்டியலையே வகுக்க வேண்டும். அதைப் பராமரிக்க ஆளும் வேண்டும்.

அந்த ஆள் இல்லாத இடத்தில்தான் பூட்டு தோற்கிறது. கணக்குப் பிரிவில் ஒருவர் மூன்று பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளை நிறுவப் போனால் அட்மின் கடவுச்சொல் கேட்கும் பெட்டி எழுகிறது. ஐடி பிரிவுக்கு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டால் பதில் வர இரண்டு நாள் ஆகும். ஒப்பந்தமோ மாலைக்குள் போயாக வேண்டும். அவர் ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் மூன்றையும் ஏற்றி, இணைத்து, இறக்கிக்கொள்கிறார். கணினியில் எதுவும் நிறுவப்படவில்லை. ஒப்பந்தம் மட்டும் வெளியே போய்விட்டது.

மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் பேட்ச் விஷயத்தில் கணக்கு வேறு. 2017 மே மாதம் கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் மாதமே வந்திருந்தது. 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்திக்கொண்டே போகும் நம் கையில் அதை விடுவதைவிட, ஐடி பிரிவே மையமாக நின்று போடுவது நல்லது. அதே மையப் பிடிக்கு மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. பிழைக் கோப்பைக் கையால் நீக்கினால் கணினி எழுந்துவிடும். ஆனால் வட்டில் உள்ளதை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அதற்குப் பெரும்பாலும் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டது, அது இருந்ததோ ஐடி பிரிவிடம்.

கடவுச்சொல்லைக் குறிப்பிட்ட நாளுக்கொரு முறை மாற்றச் சொல்லும் விதிக்கு நான் வாதாட மாட்டேன். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-லேயே அதை வேண்டாம் என்றுவிட்டது.

என் தேர்வு வேலையைப் பொறுத்தது. கணக்கு, மனிதவளம் போன்ற பிரிவுகளில் பயன்படும் மென்பொருள்கள் சில மட்டுமே. அங்கே பட்டியலோடு பூட்டலாம், ஆனால் டிக்கெட்டுக்கு அன்றைக்கே பதில் வர வேண்டும். நாள்தோறும் புதிய கருவியைச் சோதிக்கும் நிரலாளருக்கு அந்தப் பட்டியல் ஓயாத தகராறு. அவருக்குக் காரணத்தைப் பதிவு செய்து, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அட்மின் உரிமை தரும் ஏற்பாடே பொருந்தும். இரவு 11 மணிக்கு வரும் கோரிக்கைக்கு யார் ஒப்புதல் தருவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், அதுவும் இரண்டு நாள் டிக்கெட்டாகவே மாறிவிடும்.